அறுபத்திரண்டு புரோட்டான்களும் ஒரு சுழல் கதவும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் எப்படி, ஆய்வுக்கூடத்தில் வேலை எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். பதில் நிதானமாக வரட்டும். இப்போது எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் தாளின் அடியில், நான் பென்சிலால் புள்ளி வைத்திருக்கும் இடத்தில், உன் கையெழுத்து. தாளில் இருப்பதும் ஒரே வரிதான்: 'சுழல் கதவின் வரைபடத்தில் அம்புக்குறியைத் தவறான பக்கம் போட்டது நானே.' படித்ததும் கோபப்படாதே. மீதியையும் படித்துவிட்டு மொத்தமாகக் கோபப்படு.

எங்கள் அறிவியல் நிலையத்தின் கீழ்க்கூடத்தில் நான் பதினோரு வருஷமாகத் தற்காலிக விளக்குநராக நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இத்தனை ஆயுள் உண்டு என்று வேலையில் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது மேலிடத்தில் ஒரு யோசனை. கூடத்துக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டதாம், அலுவலகத்தில் கோப்புகளோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகின்றனவாம், ஆகவே கூடத்தைக் கோப்புகளுக்குக் கொடுத்துவிடலாமாம். 'புதுசா ஒண்ணு செஞ்சு காட்டுங்கம்மா. மதிப்பீட்டாளர் மூணு பேர் வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சா கூடமும் இருக்கும், நீங்களும் நிரந்தரம். பிடிக்கலேன்னா...' என்று சொல்லி, மீதியை எங்கள் மேலாளர் தன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டி முடித்தார். உயிருள்ள செல் சக்தியை எப்படிச் சேர்த்து வைக்கிறது, எப்படி விடுகிறது என்று காட்டலாம் என்று யோசனை சொன்னது நான். என் தம்பிக்கு அதுதான் வேலை, அவனையே கேட்கலாம் என்று சொன்னதும் நான். அந்த இரண்டு தவறுகளையும் ஒப்புக்கொள்கிறேன். அம்புக்குறி மட்டும் உன்னுடையது.

நீ அன்று ஃபோனில் ஒன்றேகால் மணி நேரம் பேசினாய். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது இதெல்லாம் பரீட்சைக்கு முதல் நாள் வந்து மறுநாள் போய்விட்ட சமாச்சாரம். புரிந்தது அன்றைக்குத்தான். அதுவரை சக்தி என்றால் டப்பாவில் சர்க்கரை மாதிரி உடம்பில் எங்கோ கொட்டி வைத்திருப்பார்கள், வேண்டும்போது கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிக் கொட்டி வைப்பதும் உண்டு என்றாய். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து மாதிரி கொஞ்சம், தோலுக்கு அடியில் கொழுப்பாக நிறைய. (இந்த இடத்தில் உன் அத்தான், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர், தன் வயிற்றைத் தட்டி, 'கேட்டுக்கோ, இதுக்குப் பேர் தொப்பை இல்லையாம், கிடங்கு' என்றார்.) ஆனால் அந்த மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எந்தச் செல்லும் வேலை செய்வதில்லையாம். மூட்டையைப் பிரித்து எரித்து, அதில் கிடைப்பதைக் கொண்டு, மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி அறைக்குள்ளிருந்து புரோட்டான்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி நெரிசலாக அடைக்குமாம். அடைபட்டவர்களுக்கு உள்ளே திரும்ப ஒரே வழி ஒரு சுழல் கதவு. எட்டு புரோட்டான் நுழைந்தால் கதவு ஒரு முழுச் சுற்று சுற்றும், ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. தயாராகும். அந்த ஏ.டி.பி. என்பது அழுத்திக் கொக்கி மாட்டிய ஸ்பிரிங் மாதிரி. கை அசைய, கண் சிமிட்ட, இந்தக் கடிதம் எழுத, எங்கே வேலை இருக்கிறதோ அங்கே கொக்கி கழன்று சக்தி விடுபடும், தளர்ந்த ஸ்பிரிங் மறுபடி அழுந்துவதற்குக் கதவடிக்கு வரும். இப்படி மாட்டி வைத்தது எந்த நேரத்திலும் சில வினாடிக்குத்தான் போதும் என்றும், ஒரு நாளில் நாம் மாட்டி அவிழ்ப்பதை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நம் எடையே வரும் என்றும் நீ சொன்னதை நான் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, 'இன்னிக்கு எனக்குள்ள ஒண்ணுமே மிச்சம் இல்லை' என்று தினமும் சொல்லிக்கொள்கிறவள் நான். யாருக்குமே மிச்சம் கிடையாது, எல்லாரும் அவ்வப்போது செய்து அவ்வப்போது தீர்த்துக்கொண்டுதான் நடமாடுகிறோம் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்.

உன் அத்தானுக்குக் கிடைத்தது ஆறுதல் அல்ல, அனுமதி. மறுநாள் விடுமுறை. மனுஷன் சோபாவில் நீட்டிப் படுத்திருக்கிறார், நான் துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். கூப்பிட்டால், 'நான் சும்மா படுத்திருக்கேன்னு நினைக்காதே. காலையிலேர்ந்து இருபத்தஞ்சு கிலோ பண்ணியிருக்கேன். வேணும்னா மச்சானைக் கேளு' என்கிறார். 'அதுல ஒரு கிராமை எடுத்து இந்த வாளியைத் தூக்குங்க' என்றேன். தூக்கினார். தூக்கும்போது ஒவ்வொரு படியிலும், 'போச்சு ஒண்ணு, போச்சு ரெண்டு' என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். கண்காட்சியில் பாதி வேலை அவருடையது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவரைக் கட்டிக்கொண்டதற்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் பலன் அது. எங்கள் கூடத்துக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறதே, அதற்குச் சாமான் ஏற்றும் பழைய லிஃப்ட் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதை இரண்டு வாரம் உட்கார்ந்து சரி செய்து, பரிசோதனை அதிகாரியை அழைத்து ஆள் ஏறலாம் என்று சீட்டும் வாங்கிவிட்டார். திட்டம் இதுதான். பார்க்க வருகிறவர்களே புரோட்டான்கள். லிஃப்ட் அவர்களை எட்டு எட்டாக மாடத்துக்கு ஏற்றி அடைக்கும். மாடத்திலிருந்து கூடத்துக்கு இறங்க ஒரு சாய்தளம், அதன் தலைப்பில் சுழல் கதவு. கதவின் அச்சு கீழே கூடம்வரை நீண்டு, சுற்றச் சுற்ற மூன்று பெரிய ஸ்பிரிங்குகளை அழுத்திக் கொக்கியில் மாட்டும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் கொக்கி கழன்று ஒரு கொடி ஜிவ்வென்று மேலே துள்ளும். சேமிப்பு, விடுவிப்பு, இரண்டும் கண்ணுக்கு முன்னால். நீ வரைந்து அனுப்பிய படத்தை எங்கள் நிலையத்துப் பட்டறைச் சுவரில், தச்சர் கண்ணுக்கு நேராக மாட்டினேன். தச்சர் அண்ணன் படத்தில் உள்ளதற்கு ஒரு நூல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கதவு ஒரு பக்கம் மட்டும் சுற்ற வேண்டும், ஆகவே அடியில் ஒரு பல்சக்கரம் வைத்து, நீ போட்ட அம்புக்குறி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் விடும்படி பூட்டினார். முடித்துவிட்டு, 'பத்துத் தடவை நானே போய்ப் பார்த்துட்டேன்மா. வெண்ணெய் மாதிரி சுத்துது' என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து குளிர்மழை. கூடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அன்றைக்குப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மதிப்பீட்டாளர் மூன்று பேரும் கோட்டுக்கு மேல் சால்வையைப் போர்த்துக்கொண்டு, ஸ்பிரிங்குகளுக்கு எதிரே வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தலைவர், கையில் படிவம். அடுத்தது பச்சைக் குழந்தைகளுக்கு நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா. மூன்றாமவருக்கு ஜலதோஷம், அவர் தும்முவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. புரோட்டான்களாக வந்தவர்கள் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் சங்கத்தார், அறுபத்திரண்டு பேர், உல்லாசப் பயணமாக. ஒவ்வொருவர் நெஞ்சிலும் சிவப்பில் ஒரு கூட்டல் குறி குத்தினேன், புரோட்டான் நேர்மின்சுமை என்று காட்ட. அதைப் பார்த்த எங்கள் மேலாளர், அவசரத்துக்கு உதவ நான் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று தானாகவே முடிவுகட்டி, 'சார், தும்மலுக்குப் பயப்படாதீங்க, முதலுதவிக்காரங்களே அறுபது பேர் வந்திருக்காங்க' என்று ஜலதோஷக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் நம்பிக்கையோடு ஒரு பெரியவரைப் போய் மாத்திரை கேட்க, அந்தப் பெரியவர், 'நான் பார்சல் பிரிவு சார். வந்ததை அனுப்பத்தான் தெரியும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

லிஃப்ட் பிரமாதம். அதை மறைக்க மாட்டேன். உன் அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்று, 'வாங்க, வாங்க, எட்டே பேர், உணவு ரெடி, சக்தி ரெடி' என்று கூவி, எட்டு நடையில் அறுபத்திரண்டு பேரையும் மேலே ஏற்றிவிட்டார். மாடம் அவ்வளவு பேருக்கானது அல்ல. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆளுக்கு ஆள் பழைய அலுவலகக் கதை பேசிக்கொண்டு, சரியான நெரிசல். நீ சொன்னபடியே. நான் அங்கே ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, கீழே எட்டிப்பார்த்து மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, 'இப்போது பாருங்கள், புரோட்டான்கள் உள்ளே திரும்பப் போகின்றன, கொடி ஏறப் போகிறது' என்று அறிவித்தேன். முதல் ஆள் அந்தப் பார்சல் பிரிவுப் பெரியவர். ஆறடி ஆள், மூட்டை தூக்கின தோள். கதவின் ஒரு பக்கத்தை மறித்துப் போட்டிருந்த கம்பி வேலி விட்ட வழியில் இடப்பக்கமாக நுழைந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளினார். பின்னால் இருந்தவர் அவரைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் அவரை. அறுபத்திரண்டு பேருடைய காலைச் சாப்பாட்டின் பலம் முழுக்க அந்தக் கதவின் மேல் விழுந்தது. கதவு கல்லு மாதிரி நிக்குது, தம்பி. தள்ளத் தள்ளப் பல்சக்கரம் இன்னும் இறுகுது. கீழே இருந்து தச்சர் அண்ணன், 'நல்லாத் தள்ளுங்க! நான் பத்துத் தடவை போயிருக்கேன்!' என்று உற்சாகப்படுத்துறார். கீழே கொடி மூணும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு. தலைவர் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் எனக்கு மேலே கேட்குது.

'கொஞ்சம் பொறுங்க, சரியாயிடும்' என்று நான் சொன்னதும் சங்கத்தார் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. 'அவசரமே இல்லைம்மா. நாற்பது வருஷம் ஊரை வரிசையில நிக்க வச்சோம். இன்னிக்கு நம்ம முறை' என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில் இன்னும் சூடு கூடியது. மாடத்துக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. என் மூக்குக்கண்ணாடியும்தான். கால் மணி நேரம் ஆயிற்று. தபால்தலை கவுன்டரில் வேலை பார்த்த ஒரு வயதான அம்மா மெதுவாக லிஃப்ட் பக்கம் போய், 'தம்பி, என்னைக் கொஞ்சம் கீழே இறக்கி விட்டுடுப்பா. கழிப்பறைக்குப் போகணும்' என்று கேட்டிருக்கிறார். உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா?

'மன்னிக்கணும்மா. இந்த லிஃப்ட்தான் பம்ப், ஏத்துற வழி மட்டும்தான். பம்ப் வழியாப் புரோட்டான் கீழே திரும்பாது. என் மச்சான் தெளிவாச் சொல்லியிருக்கார்.'

'யாருப்பா உன் மச்சான்?'

'பெரிய விஞ்ஞானிம்மா.'

'அவர் கழிப்பறைக்கே போகமாட்டாரா?'

உன் அத்தான் லிஃப்டின் பொத்தானை அவசரமாக அமுக்க, ஏறி ஏறிக் களைத்திருந்த அந்தப் பழைய லிஃப்ட் ஒரு முனகு முனகிவிட்டு நின்றேபோனது. இனி மேலேயும் போகாது, கீழேயும் வராது. அப்போதுதான், கேட்க வேண்டிய நாளில் கேட்காத அந்தக் கேள்வியை நான் மாடத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

'அண்ணே! பத்துத் தடவை போனீங்களே, எங்கேர்ந்து எங்கே போனீங்க?'

'கீழேர்ந்து மேலேம்மா. என் சாமான் பெட்டி கீழேதானே இருந்துச்சு?'

'அப்ப ஸ்பிரிங் மூணும் என்ன ஆச்சு?'

'நான் கையால மாட்டி வச்சேன். கதவு சுத்தச் சுத்தப் படபடன்னு அவுந்துச்சு. அதானே அதோட வேலை?'

'பத்துத் தடவையும் மேலே ஏறினீங்க, சரி. கீழே எப்படி வந்தீங்க?'

'பக்கத்துக் கதவு வழியா.'

கதவை எதிர்ப்பக்கம் சுற்றினால் செல்லிலும் ஸ்பிரிங் அவிழ்ந்து புரோட்டானை மேலே ஏற்றும் என்று நீ சொல்லியிருந்தாய். எனக்கு அது நினைவுக்கு வந்த நேரத்தைப் பார். தச்சர் அண்ணன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. பட்டறைக்கு ஓடிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, 'அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தாம்மா போட்டிருக்கேன்!' என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். உண்மை. ஆகவே தவறு அம்பில். ஆகவே தவறு உன்னிடம்.

இனி பக்கத்துக் கதவு. மாடத்தின் ஓரத்தில், பக்கவாட்டுப் படி வழியாகக் கூடத்துக்கு இறங்க ஒரு கதவு உண்டு. 'அவசரத்துக்கு மட்டும்' என்று பலகை மாட்டியிருக்கும். சங்கத்தார் அறுபத்திரண்டு பேரும் பலகையைப் படித்துவிட்டார்கள். பலகையைப் படித்தால் மதிக்கிற தலைமுறை, ஒருவரும் தொடவில்லை. நான் அதன் பக்கம் போனதும், எங்கள் மேலாளர் கீழேயிருந்து கையை ஆட்டி, வாயை மட்டும் அசைத்து, 'வேண்டாம்மா! அதைத் திறந்தா எல்லாம் போச்சு! கதவு சுத்தாம ஆள் இறங்கினா ஒரு கொடிகூட ஏறாது!' என்கிறார். அவர் சொன்னதும் சரிதான். இன்னும் பத்து நிமிஷம் கிடைத்தால் தச்சர் அண்ணன் பல்சக்கரத்தைப் புரட்டிவிடுவார், கதவு சுற்றும், கொடி ஏறும், கூடம் பிழைக்கும், நானும் பதினோரு வருஷத்துக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பேன். இந்தப் பக்கம் திரும்பினால் தபால்தலை அம்மா, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டு, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன். நான் எப்போதுமே யோசித்து முடிப்பதற்குள் கை ஒன்றைச் செய்துவிடும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதற்குக் காரணம் தேடுகிறவள். கதவுக் கம்பி கீழே இறங்கியிருந்தது, அதன் மேல் என் கை இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளம் மாதிரி இறங்கினாங்க. தபால்தலை அம்மா முதல்ல, அவங்களுக்கு எல்லாரும் வழி விட்டாங்க. அப்புறம் மீதி அறுபத்தொரு பேரும், இருபது நிமிஷம் அடைஞ்சு வெந்த சூட்டோட, ஆவியோட, சிரிப்போட, அந்தச் சின்னக் கூடத்துக்குள்ள ஒரே நேரத்துல புகுந்தாங்க. ஒரு ஸ்பிரிங் அழுந்தலை. ஒரு கொடி அசையலை. நான் கடைசி ஆளா இறங்கி வந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்த மூணு நாற்காலிக்கு முன்னால நின்னேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், டாக்டரம்மா சால்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அப்படி ஒரு சிரிப்பு.

'யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?'

'எதை மேடம்?'

'பக்கத்துக் கதவை! இங்க வாங்க' என்று என்னை இழுத்துத் திருப்பி, என் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தார். 'பிறந்த குழந்தைக்கு இந்த இடத்துல ஒரு பழுப்புக் கொழுப்பு இருக்கும். நமக்கெல்லாம் குளிரெடுத்தா உடம்பு நடுங்கிச் சூடாகும். அதுக்கு அப்படி நடுங்க வராது. அதனால அந்தக் கொழுப்புல இருக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ன செய்யும்? புரோட்டானை எல்லாம் மேலே ஏத்தும், நெரிசலா அடைக்கும், அப்புறம் சுழல் கதவைச் சட்டையே பண்ணாம பக்கத்துக் கதவைத் திறந்து விட்டுடும். ஏ.டி.பி. ஒண்ணும் வராது. சூடு மட்டும் வரும். குழந்தை பிழைச்சுக்கும். நாற்பது வருஷம் பச்சைக் குழந்தைங்க முதுகைத் தொட்டுப் பார்த்திருக்கேன், அந்தக் கதவு திறக்கிறதை இன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.'

கூடமே கைதட்டியது. சங்கத்தாருக்குத் தாங்கள் பச்சைக் குழந்தையின் முதுகுக் கொழுப்பு என்பது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், பார்சல் பெரியவர், 'இன்னொரு தடவை ஏறிட்டு வரட்டுமா?' என்று கேட்டார். ஜலதோஷக்காரர் தும்மலை நிறுத்திவிட்டார். தலைவர் மட்டும் படிவத்திலிருந்து நிமிரவில்லை. 'இயங்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

'இயங்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?' என்றார் டாக்டரம்மா.

'கொடி ஏறும்னு அறிவிச்சாங்க. ஏறலை.'

'உங்க கோட்டு எங்கே?'

தலைவர் குனிந்து பார்த்தார். கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்கியது. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் மனிதர் படிவத்துக்குக் கட்டுப்பட்டவர். 'சூடு வந்ததுன்னு குறிப்பு எழுதுறேன். ஆனா சொன்னது நடக்கலேன்னா காரணம் போட்டே ஆகணும்' என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் மூன்று கட்டங்கள்: வடிவமைப்பு, நிறுவல், மற்றவை. நிறுவல் என்றால் எங்கள் நிலையத்தின் குற்றம், கூடம் கோப்புகளுக்குப் போய்விடும். வடிவமைப்பு என்றால் வெளியாள் குற்றம், எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 'எதும்மா?' என்று கேட்டார். 'வடிவமைப்பு சார்' என்றேன், மூச்சு விடாமல். 'வடிவமைச்சது யாரு?' 'என் தம்பி. வெளியூர்ல இருக்கான்.' 'அப்ப அவர்கிட்டேர்ந்து ஒரு ஒப்புதல் வாங்கிக் குடுத்துடுங்க.'

அந்த ஒப்புதல்தான் இந்தத் தாள். இப்போது புரிகிறதா? உனக்கு ஒரு கையெழுத்து, எனக்கு ஒரு கூடம். உன்னை நான் குறை சொல்லவில்லை, உன்னை மன்னித்து இரண்டு நாளாகிறது. சின்ன வயதிலிருந்தே உனக்கு வலது இடது தகராறுதானே. இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போய், 'அக்கா, செருப்பு வளர்ந்துடுச்சு' என்று அழுதவன்தானே நீ. பெரிய விஞ்ஞானியாகிவிட்டால் அது மட்டும் சரியாகிவிடுமா? உன் அறிவின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது, உன் அம்புகளின் மேல்தான். இனிமேல் எனக்கு எந்தப் படமும் வரைந்து அனுப்பாதே. மறுபடியும் சொல்கிறேன், மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். ஒரு அக்கா இதற்கு மேல் பெருந்தன்மையாக இருக்க முடியாது.

தாளைக் கையெழுத்திட்டுத் தாமதமில்லாமல் திருப்பி அனுப்பவும். உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, எந்தக் கதவிலும் மாட்டிக்கொள்ளாமல் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உன் அத்தான் ஆசீர்வாதம் அனுப்பச் சொன்னார். சோபாவிலிருந்துதான்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா

பி.கு.: ஆதாரத்துக்கு உன் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்று இன்று காலை பட்டறைச் சுவரிலிருந்து அதை எடுத்தேன். மேல் ஓரத்தில் நான் அகலமாக ஒட்டியிருந்த பழுப்பு நாடா உரிந்து வந்தது. அதற்கு அடியில் உன் கையெழுத்தில் ஒரு வரி: 'அக்கா, இது கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற படம். மேலேயிருந்து பார்த்தால் அம்பு எதிர்ப்பக்கம். தச்சரிடம் மறக்காமல் சொல்லு.' இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறாய். நாடாவை ஒட்டியது நான். நாடா கோணலாகிவிடக் கூடாதே என்று அளவுகோல் வைத்து ஒட்டினேன் என்பதும் நினைவிருக்கிறது.

வெகுநேரம் பட்டறை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். 'எதுக்கு யோசிக்கிறே? மச்சான் கையெழுத்துப் போட்டுடுவார். நீ கேட்டா எதுக்கும் போடுவார்' என்றார் உன் அத்தான். நீ போட்டுவிடுவாய் என்பதால்தான் கேட்க முடியவில்லை. தலைவருக்கு ஃபோன் செய்து, நாடா, அளவுகோல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, 'நிறுவல்னு போட்டா கூடம் போயிடும். வடிவமைப்புன்னு போட்டா பொய். மூணாவதா ஒரு கட்டம் இருக்கேம்மா, இருபது வருஷத்துல யாரும் தொடாத கட்டம்' என்றார். 'அதுல என்ன சார் எழுதறது?' 'நடந்ததை எழுதுங்க.' ஆகவே இப்போது படிவத்தில் இருப்பது இதுதான்: மற்றவை. காரணம்: ஒட்டுநாடா. நிலை: உரிக்கப்பட்டது. 'மற்றவை' வந்தால் கூடத்தை என்ன செய்ய வேண்டும் என்று விதியில் எங்கேயும் எழுதவில்லையாம். எழுதாததால் கூடம் இருக்கிற இடத்திலேயே இருக்குமாம். சுழல் கதவைத் திருப்பிப் பூட்டலாம், ஆனால் பக்கத்துக் கதவையும் கண்காட்சியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா நிபந்தனை போட்டு, அதே தாளில் என்னை நிரந்தரமாக்கவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இவ்வளவையும் மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. தாளைக் கிழித்துப் போடு. அடுத்த படத்தைச் சீக்கிரம் வரைந்து அனுப்பு. மேலே எங்கெல்லாம் உன் தவறு என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் என் தவறு என்று மாற்றிப் படித்துக்கொள். எங்கெல்லாம் உன்னை மன்னித்ததாக எழுதியிருக்கிறேனோ, அந்த வரிகளை மட்டும் கத்தரித்து எனக்கே திருப்பி அனுப்பிவிடு.